‘ரஃபீக்கி’ என்ற சொல்லை யாரிடம், எப்போது, எப்படிச் சொல்வது: தான்சானியாவுக்குப் புதிதாக வருவோருக்கு ஒரு வழிகாட்டி

தார் எஸ் சலாமிலோ அருஷாவிலோ வேலைக்காக வந்திறங்கும் நம்மவர் சுவாஹிலியில் முதலில் கற்கும் சொற்களுள் ஒன்று ‘ரஃபீக்கி’. நண்பர் என்பது அதன் பொருள். பொருளை அறிய ஒரு நொடி போதும். ஆனால் யாரை அப்படி அழைக்கலாம், தெருவில் ஒருவர் நம்மை அப்படி அழைத்தால் என்ன எதிர்பார்க்கிறார், படிவங்களில் அச்சொல்லை எங்கே எழுதலாம், எங்கே எழுதக் கூடாது என்பவற்றை எவரும் ஓரிடத்தில் வைத்துச் சொல்லித் தருவதில்லை. தட்டுத் தடுமாறி நான் கற்றுக்கொண்டவற்றை, அடுத்து வருபவர் அவ்வளவு அலைய வேண்டாம் என்பதற்காக இங்கே வரிசைப்படுத்தியிருக்கிறேன். தான்சானியாவை மனத்தில் வைத்தே எழுதுகிறேன். கென்யாவில் வழக்கம் மாறும் இடங்களில் அதையும் குறிப்பிடுகிறேன்.

1. முதலில் ஒலிப்பைச் சரிசெய்துகொள்ளுங்கள்

சுவாஹிலியில் ஏறத்தாழ எல்லாச் சொற்களிலும் கடைசிக்கு முந்தைய அசையில்தான் அழுத்தம் விழும். ஆகவே ‘ர–ஃபீ–கி’ என்பதில் நடு அசையைச் சற்று நீட்டிச் சொல்ல வேண்டும். தமிழில் இரண்டு உயிர்களுக்கு இடையில் வரும் ககரத்தை நாம் மென்மையாக்கிவிடுவோம். இங்கே அது வல்லொலியாகவே இருக்க வேண்டும் என்பதை நினைவூட்டவே ‘க்கி’ என்று எழுதியிருக்கிறேன். ஒலிக்கும்போது ககரத்தை இரட்டிக்க வேண்டியதில்லை. ‘கிளி’ என்பதன் முதலெழுத்தைப் போல ஒலித்தால் போதும். ஃபகரத்தைப் பகரமாக்கிச் சொன்னாலும் கேட்பவருக்குப் புரியும். ஆனால் இரண்டாம் முறை சொல்ல வைப்பார். இக்கட்டுரையில் ‘ஃஸ’ என்று எழுதியுள்ள இடங்களில், ஆங்கில எழுத்து வரிசையின் கடைசி எழுத்துக்குரிய ஒலியைக் கொள்ளுங்கள்.

2. உடைமைச் சொல்லைச் சேர்க்கப் பழகுங்கள்

‘ரஃபீக்கி’ என்று தனியாக அழைப்பது கடைத்தெருப் பழக்கம். உண்மையில் நண்பராக இருப்பவரைப் பற்றிப் பேசும்போது உடைமைச் சொல்லோடு சேர்த்தே சொல்வார்கள். ‘ரஃபீக்கி யங்கு’ என்றால் என் நண்பர்; ‘ரஃபீக்கி யாக்கோ’ உன் நண்பர்; ‘ரஃபீக்கி யாக்கே’ அவருடைய நண்பர்; ‘ரஃபீக்கி யெட்டு’ எங்கள் நண்பர். உடைமைச் சொல் பெயருக்குப் பின்னால்தான் வரும்; தமிழ் வரிசையில் முன்னால் வைத்தால் வாக்கியம் உடைந்துவிடும்.

பன்மையில் ‘மரஃபீக்கி’ என்றாகும். அப்போது ‘யங்கு’ என்பது ‘ஃஸங்கு’ என்று மாறும்: ‘மரஃபீக்கி ஃஸங்கு’, என் நண்பர்கள். ‘மரஃபீக்கி வங்கு’ என்று சொல்பவர்களையும் கேட்பீர்கள். அதைத் திருத்தப் போக வேண்டாம்.

இங்கே எல்லோரையும் இடறச் செய்யும் ஓர் இடம் உண்டு. ‘என் தந்தையின் நண்பர்’ என்பதை ‘ரஃபீக்கி வா பாபா யங்கு’ என்று சொல்ல வேண்டும். அதாவது, ‘என்’, ‘உன்’ என்ற உடைமைச் சொற்கள் வரும்போது யகரத்தில் தொடங்கும் வடிவம். இன்னொரு பெயரோடு இணைக்கும்போது ‘வா’. இரண்டும் ஒரே சொல்லுக்கு ஏன் வேறுபடுகின்றன என்று கேட்டால் இலக்கணப் பாடம் நீளும். இரண்டு தொடர்களையும் அப்படியே மனப்பாடம் செய்துகொள்வதே நேரத்தை மிச்சப்படுத்தும். வினைச்சொல் மனிதருக்குரிய வடிவத்தையே ஏற்கும்: ‘ரஃபீக்கி யங்கு அனக்கூஜா’ என்றால் என் நண்பர் வருகிறார், பன்மையில் ‘மரஃபீக்கி ஃஸங்கு வனக்கூஜா’.

பெயரடையிலும் கவனம் தேவை. ‘ரஃபீக்கி வா ஃஸமானி’ என்பது நெடுநாளைய நண்பர். ‘ரஃபீக்கி ம்ஃஸே’ என்பது வயது முதிர்ந்த நண்பர். நாற்பது வயதுப் பள்ளித் தோழரை இரண்டாவது வகையில் அறிமுகப்படுத்தினால் அவர் முகம் மாறுவதைக் காணலாம்.

நமக்கு ஒரு சலுகையும் இருக்கிறது. இச்சொல்லில் ஆண்பால் பெண்பால் வேறுபாடு இல்லை. ‘யேயே’ என்ற சொல்லே அவன், அவள், அவர் மூன்றுக்கும் பொதுவானது. தொலைபேசியில் ‘நண்பரோடு இருக்கிறேன்’ என்று சொன்னால் யார் என்று கேட்பவருக்குத் தெரியாது.

3. எந்தப் பேச்சுக்கும் முன்னால் நலம் விசாரியுங்கள்

என் கருத்தில் இந்த வழிகாட்டியில் மிக முக்கியமான படி இதுதான். தமிழில் ‘நீ’ என்பதை ‘நீங்கள்’ ஆக்கினால் மரியாதை வந்துவிடுகிறது. சுவாஹிலியில் பொதுவாக அந்த வழி இல்லை. ஒருவரை ‘வேவே’ என்றே முன்னிலைப்படுத்துவார்கள், பன்மை வடிவம் பலரைக் குறிக்கவே பயன்படும். ஆகவே மரியாதை முழுவதும் முகமனிலும் விளிச் சொல்லிலும் தங்கியிருக்கிறது. முகமன் இல்லாமல் ‘ரஃபீக்கி, பேருந்து நிலையம் எங்கே?’ என்று கேட்பவர் நட்பாகப் பேசுவதாக எண்ணிக்கொள்கிறார். எதிரில் நிற்பவருக்கோ அது அதிகாரத் தொனியாகவே படுகிறது.

வயதில் மூத்தவரைக் கண்டால் ‘ஷிக்கமோ’ என்று சொல்லுங்கள். அவர் ‘மரஹாபா’ என்று பதில் தருவார். தான்சானியாவில் இதைத் தவிர்க்கவே கூடாது; அலுவலகக் காவலர், துப்புரவுப் பணியாளர், வீட்டுக்காரர் என எவராக இருந்தாலும் உங்களைவிட மூத்தவர் என்றால் இதுவே முறை. நைரோபியில் இவ்வழக்கம் குறைவு. கென்யக் கடற்கரைப் பகுதியில் உண்டு. சிறுவர்கள் உங்களிடம் ‘ஷிக்கமோ’ சொன்னால் ‘மரஹாபா’ என்று பதில் சொல்லாமல் நகர்ந்துவிடாதீர்கள்.

ஒத்த வயதினரிடம் ‘ஹபாரி யாக்கோ’ என்று கேட்டால் ‘ன்ஃஸூரி’ என்ற பதில் வரும். இளையவர்கள் ‘மாம்போ’ என்பார்கள். அதற்குப் பதில் ‘போவா’ அல்லது ‘ஸாஃபி’. சுற்றுலாக் கையேடுகள் கற்பிக்கும் ‘ஜாம்போ’வை உள்ளூர்க்காரர்கள் தமக்குள் அவ்வாறு சொல்லிக்கொள்வதில்லை, அதைச் சொன்ன உடனே உங்களைப் பயணி என்று கணக்கிட்டு விலையையும் அதற்கேற்ப ஏற்றுவார்கள். வேலை, வீடு, காலைப்பொழுது என்று ஒவ்வொன்றாக நலம் கேட்கும் பழக்கம் உள்ளதால் பேச்சைத் தொடங்கவே ஒன்றிரண்டு நிமிடம் ஆகும். அலுவலகத்துக்குப் போகும்போது அந்த நேரத்தையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். அவசரப்படுத்தினால் வேலை இன்னும் தாமதமாகும்.

4. முன்பின் தெரியாதவரை உறவுப் பெயரால் அழையுங்கள்

தெரியாத ஒருவரை ‘ரஃபீக்கி’ என்று விளிப்பது தவறில்லை என்றாலும், அது வெளிநாட்டுப் பயணியின் பேச்சாகவே ஒலிக்கும். உள்ளூர் வழக்கம் நம் ஊர் வழக்கத்துக்கு நெருக்கமானது. பேருந்து நடத்துநரை நாம் ‘அண்ணே’ என்பது போல அவர்கள் ‘காக்கா’ என்பார்கள். காய்கறி விற்கும் பெண்ணை ‘டாடா’ என்பார்கள். முன்னது சகோதரன், பின்னது சகோதரி. காயல்பட்டினத்து முஸ்லிம்களுக்கும் இலங்கை முஸ்லிம்களுக்கும் அண்ணன் ‘காக்கா’தான், இலங்கை முஸ்லிம்கள் அக்காவைத் ‘தாத்தா’ என்றும் சொல்வார்கள். இரண்டுக்கும் தொடர்பு உண்டா என்பது வேறு விஷயம்; அந்த ஊர்க்காரர்களுக்கு இச்சொற்கள் நாவில் எளிதாக வந்துவிடும். மற்றவர்கள் ‘டாடா’வை நம் ஊர்த் ‘தாதா’வோடு குழப்பிக்கொள்ளாமல் இருக்க வேண்டும்.

‘மாமா’ என்பதிலும் எச்சரிக்கை தேவை. சுவாஹிலியில் அது தாயைக் குறிக்கும்; நடுவயதுப் பெண்களையும், குழந்தை பெற்ற பெண்களையும் மரியாதையாக அப்படி அழைப்பார்கள். தாய்மாமன் வேண்டுமென்றால் அது ‘ம்ஜோம்பா’. முதிய ஆண்களுக்கு ‘ம்ஃஸே’ என்பது மரியாதைச் சொல். பெண்களுக்கு அதைப் பயன்படுத்தாதீர்கள். ‘பீபி’ பாட்டியைக் குறிப்பதால் ஐம்பது வயதுப் பெண்ணிடம் அதைச் சொல்வதைவிட ‘மாமா’ என்பதே பாதுகாப்பானது.

தொழில் தெரிந்தவரைத் தொழிற்பெயரால் அழைப்பதும் இயல்பு. இயந்திரம் பழுது பார்ப்பவர், தச்சர், தையற்காரர் எல்லோரும் ‘ஃபூன்டி’; ஓட்டுநர் ‘டெரேவா’; ஆசிரியர் ‘ம்வலீமு’. மூன்று சக்கர வண்டிக்கு இங்கே ‘பஜாஜி’ என்றே பெயர் என்பதால் அதை மட்டும் நமக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

அலுவலகங்களில் ‘ன்டூகு’ என்ற சொல்லைக் கேட்பீர்கள். உடன்பிறந்தவர், உறவினர் என்பது அதன் நேர்ப்பொருள். தான்சானியாவில் அது ‘திரு.’ என்பதற்கு இணையான பொது மரியாதைச் சொல்லாகவும் கடிதங்களில் பயன்படுகிறது. ஆண் பெண் இருவருக்கும் அது பொருந்தும். அறிமுகமில்லாத அதிகாரிக்கு எழுதும்போது ‘ரஃபீக்கி’ வரக் கூடாது, ‘ன்டூகு’ வரலாம்.

இப்படிப் பழகிவந்த ஒருவர் பெயர் சொல்லி அறிமுகமாகி, நலம் கேட்டு, ஒரு முறையாவது உங்களுக்காக அலைந்திருந்தால், அவரைப் பிறரிடம் ‘ஹூயு னி ரஃபீக்கி யங்கு’ என்று அறிமுகப்படுத்துங்கள். ‘இவர் என் நண்பர்’ என்ற அந்த வாக்கியத்தை அவர் முன்னிலையில் மூன்றாம் மனிதரிடம் சொல்வதுதான் இச்சொல்லுக்கு உரிய இடம்.

5. உங்களை ‘ரஃபீக்கி’ என்று அழைப்பவரிடம் நடந்துகொள்ளும் முறை

தார் எஸ் சலாம் படகுத் துறை, அருஷாவின் மணிக்கூண்டுப் பகுதி, ஸான்ஸிபார் தீவின் கல் நகரம் (ஸ்டோன் டவுன்), கென்யாவில் மொம்பாஸாவின் கடற்கரை ஆகிய இடங்களில் சில நிமிடங்களுக்குள் ‘ரஃபீக்கி! கரீபு!’ என்ற குரல் உங்களைத் தேடி வரும். ‘கரீபு’ என்றால் வருக. இப்படி அழைப்பவர்களுள் பெரும்பாலோர் படகுச் சீட்டு, விடுதி, சஃபாரி, ஓவியம், மசாலா என எதையோ விற்பவர்கள் அல்லது விற்பவரிடம் அழைத்துச் சென்று தரகு பெறுபவர்கள். ஸான்ஸிபாரில் இவர்களைப் ‘பப்பாஸி’ என்பார்கள். உண்ணிகள் என்று பொருள். பெயர் கொஞ்சம் கடுமையானதுதான். அவர்களும் பிழைப்புக்காகவே நிற்கிறார்கள் என்பதால் நீங்கள் அதைச் சொல்ல வேண்டாம்.

வேண்டாம் என்றால் ‘அஸான்ட்டே, ஸிஹிட்டாஜி’ (நன்றி, எனக்குத் தேவையில்லை) என்று புன்னகையோடு சொல்லிவிட்டு நடையை நிறுத்தாமல் செல்லுங்கள். பதிலே பேசாமல் செல்வது இங்கே அவமதிப்பாகக் கருதப்படும். நின்று விளக்கம் சொல்வது பேரம் தொடங்கியதாகக் கருதப்படும். படகுச் சீட்டை நிறுவனத்தின் சொந்த அலுவலகச் சாளரத்தில் மட்டும் வாங்குங்கள். இடையில் ஒரு ‘நண்பர்’ கடவுச்சீட்டைக் கையில் வாங்கி ‘நானே எடுத்து வருகிறேன்’ என்றால் கொடுக்காதீர்கள். சீட்டில் உங்கள் பெயரும் எண்ணும் கடவுச்சீட்டில் உள்ளபடி இருக்கின்றனவா என்று சாளரத்தை விட்டு அகலும் முன்பே பாருங்கள்.

தெருவில் ‘ம்ஹின்டி’ என்று யாராவது அழைத்தால் அது இந்தியரைக் குறிக்கும் சொல். பெரும்பாலும் வசைச் சொல்லாக அதைச் சொல்வதில்லை. நீங்கள் ‘மாம்போ, காக்கா’ என்று முகமன் சொன்னால் அடுத்த முறை அவரும் ‘காக்கா’ என்றே அழைப்பார்.

6. விலையும் வாடகையும் பேசும்போது

‘நண்பருக்கான விலை’ என்று எவராவது சொன்னால், அது குறைந்த விலை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். முதலில் எண்களைக் கற்றுக்கொள்ளுங்கள். ‘மீயா’ நூறு, ‘எல்ஃபு’ ஆயிரம், ‘லாக்கி’ நம் இலட்சமேதான். தான்சானிய ஷில்லிங்கில் அன்றாடச் செலவே ஆயிரக்கணக்கில் இருக்கும் என்பதால் இந்த மூன்றும் இல்லாமல் கடைக்குப் போக இயலாது. அண்மை ஆண்டுகளில் ஓர் அமெரிக்க டாலருக்கு 2,300 முதல் 2,700 ஷில்லிங் வரை ஏறி இறங்கியிருக்கிறது. மிகப் பெரிய தாளே 10,000 ஷில்லிங். கென்ய ஷில்லிங் வேறு. அது 2024க்குப் பின் டாலருக்கு 130ஐ ஒட்டி நிற்கிறது. இரண்டு நாடுகளுக்கும் போகிறவர்கள் எந்த ஷில்லிங் என்று ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பேரத்தில் ‘புங்கூஃஸா கிடோகோ, காக்கா’ (கொஞ்சம் குறைங்கள், அண்ணே) என்பது ‘ரஃபீக்கி’ என்று கெஞ்சுவதைவிட நன்றாக வேலை செய்யும். ஒரே கடைக்குத் தொடர்ந்து போய், கடைக்காரரும் உங்கள் பெயரைக் கற்றுக்கொண்ட பின் ‘ரஃபீக்கி யங்கு’ என்று தொடங்கினால் அதற்குப் பயன் உண்டு. டாக்ஸி, பஜாஜி, மோட்டார் சைக்கிள் வண்டியான ‘போடபோடா’ மூன்றிலும் ஏறும் முன்பே தொகையைப் பேசி, எண்ணைத் திரும்பச் சொல்லச் சொல்லுங்கள். இறங்கிய பிறகு ‘நண்பா, நீயே பார்த்துக் கொடு’ என்ற பேச்சுக்கு இடம் வைக்காதீர்கள்.

வீடு பார்ப்பதில்தான் இச்சொல்லுக்கு அதிக விலை கொடுக்க நேரும். தார் எஸ் சலாமில் தரகரை ‘டலாலி’ என்பார்கள். அவர் முதல் தொலைபேசி அழைப்பிலேயே உங்கள் ‘ரஃபீக்கி’ ஆகிவிடுவார். ஆனால் வீட்டைக் காட்டுவதற்கே தனியாக ஒரு தொகை கேட்பதும், வீடு அமைந்தால் ஒரு மாத வாடகையைத் தரகாகப் பெறுவதும் வழக்கம். வீட்டுக்காரர் மூன்று மாத, ஆறு மாத, சில இடங்களில் பன்னிரண்டு மாத வாடகையை முன்கூட்டியே கேட்பார். ஆகவே கையில் இருக்க வேண்டிய தொகை, ஆறு மாத வாடகையும் தரகும் சேர்த்து ஏழு மாத வாடகை என்று வைத்துக்கொள்ளுங்கள். பணத்தை டலாலியிடம் தராமல் வீட்டுக்காரரிடமே தந்து, எழுத்து மூல ஒப்பந்தமும் ‘ரிஸீட்டி’ எனப்படும் ரசீதும் பெறுங்கள்.

தொலைபேசி வழிப் பணத்திலும் ஒரு பொறி இருக்கிறது. ‘அந்தப் பணத்தை இந்த எண்ணுக்கு அனுப்பு’ என்ற பொருளில் குறுஞ்செய்தி வரும். தெரிந்தவர் யாரோ அனுப்பியதைப் போல இயல்பாக இருக்கும். தான்சானியாவில் எல்லோரும் அறிந்த மோசடி இது. பணம் அனுப்பும் முன் திரையில் பெறுபவரின் பெயர் தோன்றும். உங்கள் நண்பரின் பெயர் அதுதானா என்று பார்த்த பிறகே இரகசிய எண்ணை இடுங்கள்.

7. நண்பர் குறிக்கும் நேரத்தை ஆறு மணி மாற்றிப் படியுங்கள்

நண்பர் ‘ஸா ன்னே’க்கு வருகிறேன் என்றால் நேர்ப்பொருள் நான்கு மணி, அவர் வருவதோ பத்து மணிக்கு. சுவாஹிலியில் பகலின் மணிக் கணக்கு சூரிய உதயத்தோடு தொடங்குகிறது. காலை ஏழு மணி ‘ஸா மோஜா’ (முதல் மணி). நண்பகல் ‘ஸா ஸீட்டா’ (ஆறாம் மணி). மாலை நான்கு மணி ‘ஸா கூமி’ (பத்தாம் மணி). ஆறு மணி நேரத்தைக் கூட்டியோ கழித்தோ பார்த்துக்கொள்ள வேண்டும். காலைக்கு ‘அஸுபூஹி’, மாலைக்கு ‘ஜியோனி’, இரவுக்கு ‘உஸீக்கு’ என்ற சொல்லையும் சேர்த்துக் கேளுங்கள்.

ஆங்கிலத்தில் பேசும்போது அதே மனிதர் நம் முறையிலேயே மணி சொல்வார். ஆனால் பேச்சு நடுவில் மொழி மாறினால் மணியும் மாறும். நெடுந்தூரப் பேருந்துச் சீட்டில் கையால் எழுதப்பட்ட நேரம் எந்த முறையில் உள்ளது என்று கேட்காமல் நிலையத்தை விட்டுப் புறப்படாதீர்கள். ‘ஸா கூமி ன மோஜா அஸுபூஹி’ என்று இருந்தால் அது விடியற்காலை ஐந்து மணி. இந்தியாவிலிருந்து அழைப்பவர்களுக்கு: கிழக்கு ஆப்பிரிக்க நேரம் நம் நேரத்துக்கு இரண்டரை மணி பின்தங்கியது.

8. ஆவணங்களில் ‘நண்பர்’ வரும் இடங்கள்

விசாவில் தொடங்குவோம். இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவருக்குத் தான்சானியாவின் சாதாரண விசாக் கட்டணம் 50 அமெரிக்க டாலர். 90 நாள் வரை தங்கலாம். வணிக விசாவுக்கு 250 டாலர். விண்ணப்பத்தை அந்நாட்டுக் குடிவரவுத் துறையின் இணையதளத்திலேயே இடுங்கள். அரசுத் தளங்களின் முகவரி ‘ஜி-ஓ, புள்ளி, டி-இஸட்’ என்ற எழுத்துகளில் முடியும். அதே தோற்றத்தில் கூடுதல் கட்டணம் பெறும் தனியார் தளங்கள் பல உள்ளன. கென்யா 2024 ஜனவரியில் விசாவை நீக்கி, இணையவழிப் பயண அனுமதியைக் கொண்டுவந்தது. பயணத்துக்குக் குறைந்தது மூன்று நாள் முன்னதாக விண்ணப்பிக்க வேண்டும். ஸான்ஸிபாருக்கு வரும் வெளிநாட்டவர் 2024 அக்டோபர் 1 முதல், 44 டாலர் செலுத்தி, 92 நாள் செல்லுபடியாகும் உள்ளூர்ப் பயணக் காப்பீட்டைக் கட்டாயமாக எடுக்க வேண்டும். காப்பீட்டுக்கு இங்கே ‘பீமா’ என்று பெயர்; ஆயுள் காப்பீட்டுப் பத்திரத்தில் ‘ஜீவன் பீமா’ என்று படித்தவர்களுக்கு மறக்காது.

தங்குமிடம் நண்பர் வீடு என்றால் அவருடைய பெயர், முகவரி, தொலைபேசி எண் கேட்கப்படும். ‘பரூவா யா ம்வலீக்கோ’ எனப்படும் அழைப்புக் கடிதத்தையும் அவருடைய அடையாள அட்டையின் நகலையும் முன்னதாகவே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். குடிவரவுச் சாளரத்தில் எங்கே தங்குகிறீர்கள் என்று கேட்டால் ‘க்வா ரஃபீக்கி யங்கு’ (என் நண்பர் வீட்டில்) என்று சொல்லலாம். அதையடுத்து முகவரியைக் கேட்பார்கள் என்பதால் அது தாளில் தயாராக இருக்கட்டும். வேலையில் சேர வரும் ஒருவர் ‘நண்பரைப் பார்க்க வந்தேன்’ என்று சொல்லி 50 டாலர் விசாவில் நுழைவது பெரிய ஆபத்து. வேலைக்கு, பணி அனுமதியும் ‘பி’ வகுப்புக் குடியிருப்பு அனுமதியும் தேவை. நிறுவனம் அவற்றை எடுத்துத் தரும் வரை பொறுத்திருங்கள்.

சிம் அட்டைக்குக் கடவுச்சீட்டும் கைரேகையும் கேட்பார்கள். ‘என் பெயரில் எடுத்துத் தருகிறேன்’ என்று நண்பர் முன்வருவார். நல்ல எண்ணம்தான்; ஆனால் அந்த எண்ணோடு உங்கள் பணமும் இணைந்திருக்கும். எண் ஏதாவது சிக்கலில் அகப்பட்டால் அவரும் நீங்களும் சேர்ந்தே பதில் சொல்ல வேண்டும்.

வங்கி, மருத்துவமனை, பணியிடப் படிவங்களில் ‘உஹுஸியானோ’ என்று ஒரு கட்டம் இருக்கும். உறவுமுறை என்பது பொருள். அவசரத்துக்கு உள்ளூர் நண்பரின் பெயரைக் கொடுத்தால் அதில் ‘ரஃபீக்கி’ என்று எழுதுங்கள். ‘ன்டூகு’ என்று எழுதினால் அவர் உங்கள் இரத்த உறவு என்றாகிவிடும். ‘ன்டூகு வா கரீபு’ என்ற தலைப்பு நெருங்கிய உறவினரைக் கேட்கிறது. அங்கே ஊரில் உள்ள குடும்பத்தாரின் பெயரே வர வேண்டும். ‘ம்தமீனி’ என்ற சொல்லைக் கண்டால் நிறுத்திப் படியுங்கள். பிணையாள் என்பது அதன் பொருள். நண்பருக்காக அந்த இடத்தில் கையெழுத்திட்டால் அவருடைய கடன் உங்கள் கடனாகலாம்.

குடியேறிய பின் வட்டார நிர்வாகமான ‘ஸெரிக்காலி யா ம்ட்டா’விடம் அறிமுகக் கடிதம் பெற வேண்டிய தேவை பல இடங்களில் வரும். அதன் தலைவரை நேரில் பார்க்க வேண்டும். உங்களை அறிந்த அண்டை வீட்டார் ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். கடவுச்சீட்டு நகல், வாடகை ஒப்பந்த நகல், புகைப்படம் மூன்றும் கையில் இருக்கட்டும். தலைவர் முதியவரானால் ‘ஷிக்கமோ’வில் தொடங்குங்கள். பணம் கேட்டால் ரசீது கேளுங்கள். அரசுத் துறைகளுக்கான கட்டணங்களுக்குத் தான்சானியாவில் ‘கண்ட்ரோல் நம்பர்’ என்ற செலுத்தெண் தருவார்கள். அதை வைத்து வங்கியிலோ தொலைபேசியிலோ கட்ட வேண்டும். எண் தராமல், ‘ரஃபீக்கி, தேநீருக்கு ஏதாவது’ என்ற தொனியில் பேச்சு வந்தால் கேட்பது கையூட்டு. சட்டப்படி கொடுப்பதும் குற்றம். ‘நஓம்பா கண்ட்ரோல் நம்பர்’ (செலுத்தெண் தருமாறு வேண்டுகிறேன்) என்று பணிவாகத் திரும்பத் திரும்பக் கேட்பது பெரும்பாலும் பலன் தரும்.

கடிதத்தில், தெரிந்த நண்பருக்கு ‘ரஃபீக்கி யங்கு ம்பென்ட்வா’ (என் அன்பு நண்பருக்கு) என்று தொடங்கலாம். அலுவலகக் கடிதத்தில் ‘ன்டூகு’ என்று விளித்து, அடுத்த வரியில் பொருளை ‘யாஹ்’ என்ற குறுக்கத்தோடு எழுதுவது தான்சானிய முறை.

9. ஒட்டுச் சொற்களில் உள்ள பொறிகள்

பெண் தோழி ஒருவரை ‘ரஃபீக்கி வா கீக்கே’ என்று அறிமுகப்படுத்தினால் காதலி என்றே பலரும் புரிந்துகொள்வார்கள். ‘ரஃபீக்கி வா கியூமே’ என்றால் காதலன். பால் சொல்லாமல் ‘ரஃபீக்கி யங்கு’ என்று நிறுத்திவிடுங்கள். உண்மையான காதலருக்கு ‘ம்பென்ஃஸி’ என்றும் நிச்சயிக்கப்பட்டவருக்கு ‘ம்ச்சூம்பா’ என்றும் சொற்கள் உள்ளன.

‘ஷோகா’ என்ற சொல்லைப் பழைய கையேடுகளில் ‘தோழி’ என்று பார்க்கலாம். கடற்கரைப் பகுதியில் பெண்கள் தம் தோழியரை அப்படி அழைத்துக்கொள்வது உண்மை. ஆனால் இன்று ஒருபாலீர்ப்புள்ள ஆண்களைக் குறிக்கும் வசைச் சொல்லாக அது பரவிவிட்டது. அதை எவரிடமும் சொல்ல வேண்டாம். ஆண்கள் அறவே தவிர்க்க வேண்டும்.

தான்சானிய இளைஞர் தம் கூட்டாளியை ‘ம்ஷிக்காஜி’ என்பார்கள். நைரோபியின் ‘ஷெங்’ பேச்சில் அது ‘பெஷ்ட்டே’. இவை ஒத்த வயதினருக்கு மட்டுமே உரியவை. மேலதிகாரியிடமோ நண்பரின் தந்தையிடமோ வாயிலிருந்து வரக் கூடாது. நெருங்கிய நண்பரைக் கடற்கரையில் ‘ஸ்வஹீபா’ என்பார்கள். அச்சொல் அழகானது, எங்கும் சொல்லலாம்.

நட்புக்கு ‘உரஃபீக்கி’ என்று பெயர். ‘கிரஃபீக்கி’ என்றால் நட்பு முறையில்; செய்தித்தாளின் விளையாட்டுப் பக்கத்தில் ‘மேச்சி யா கிரஃபீக்கி’ என்று கண்டால் அது நட்புமுறை ஆட்டம், புள்ளிப் பட்டியலில் சேராது.

10. பழகுவதற்கு ஆகும் காலமும் செலவும்

இங்கே சொன்ன முகமன்களையும் விளிச்சொற்களையும் நாள்தோறும் அரை மணி நேரம் பயின்றால் இரண்டு வாரத்தில் தயக்கமின்றிச் சொல்லலாம். எண்களுக்கும் மணிக்கும் இன்னும் இரண்டு வாரம் ஒதுக்குங்கள். ஊரிலிருந்து புறப்படும் முன்பே தொடங்கிவிடுவது நல்லது. கட்டணம் இல்லாமல் கேட்க பிபிசியின் சுவாஹிலிச் சேவையும் ஜெர்மனியின் டாய்ச்செ வெல்லே சுவாஹிலிச் சேவையும் உள்ளன. செய்தி முழுவதும் புரியாவிட்டாலும் அழுத்தம் விழும் இடம் காதில் படியும். முறையாகக் கற்க விரும்புவோருக்குத் தார் எஸ் சலாம் பல்கலைக்கழகத்திலும் ஸான்ஸிபார் அரசுப் பல்கலைக்கழகத்திலும் வெளிநாட்டவருக்கான வகுப்புகள் நடக்கின்றன. கட்டணத்தையும் தொடங்கும் நாளையும் அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். அதற்கு ‘நஓம்பா’ (வேண்டுகிறேன்) என்று தொடங்குங்கள்.